மண்ணுக்கு மருத்துவம் செய்தவர்

வேர்க்கடலையை அறியாத பிள்ளைகள் நம் பள்ளியில் இல்லை. மழைக்கால மாலையில் வறுத்த கடலையாகவும், இடைவேளையில் கடலைமிட்டாயாகவும் அது நமக்கு நெருங்கிய தோழி. இந்தக் கடலையின் பெயரோடு சேர்த்து உலகம் ஒருவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர்தான் அமெரிக்க நாட்டின் கறுப்பின அறிவியலறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் செய்தவர் என்றும், கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்றும் பல நூல்களில் எழுதியிருப்பார்கள். கடலை வெண்ணெயை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முன்பே இருந்தது. முந்நூறு பொருள்களில் பலவும் சமையல் குறிப்புகளே. இப்படிச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. அவர் செய்த பெரிய வேலை வேறு. செத்துப்போன நிலத்தை உயிர்ப்பிக்கும் வழியை, கையில் காசில்லாத உழவனுக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்தாரே, அதுதான்.

அவர் பிறந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. ஆண்டுகூட உறுதியில்லை, 1864-ஐ ஒட்டி இருக்கலாம் என்பர். அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு யார் பதிவேடு எழுதி வைக்கப் போகிறார்கள்? மிசௌரி மாநிலத்தில் டயமண்டு குரோவ் என்ற ஊரருகே மோசஸ் கார்வர், சூசன் என்ற வெள்ளைக்காரத் தம்பதியருக்குப் பண்ணை ஒன்று இருந்தது. அவர்கள் 1855-இல் மேரி என்ற சிறுமியை 700 டாலர் கொடுத்து வாங்கினர். அந்த மேரிதான் ஜார்ஜின் தாய். குழந்தை பிறக்கும் முன்போ, பிறந்த சில நாளிலோ தந்தை விபத்தில் இறந்தார்.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் இரவு கொள்ளையர் கூட்டம் பண்ணையில் புகுந்து மேரியையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. மோசஸ் ஆளனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. மீட்டு வந்தவருக்குக் கூலியாக ஒரு குதிரையைக் கொடுத்தார். தாய் என்ன ஆனாள் என்பது கடைசி வரை தெரியவில்லை. அடிமை முறை ஒழிந்த பின்னும், தாயற்ற ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் மோசஸ் தம்பதியர் தம் வீட்டிலேயே வளர்த்தார்கள்.

ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. கக்குவான் இருமல் வந்து தொண்டையும் நுரையீரலும் கெட்டிருந்தன. வளர்ந்த பிறகும் குரல் கீச்சென்று மெலிந்தே இருந்தது. அண்ணன் ஜிம் வயலுக்குப் போவான். ஜார்ஜோ சூசன் அம்மாளோடு வீட்டிலிருந்து சமைக்கவும், துணி துவைக்கவும், கிழிசல் தைக்கவும், பின்னல் வேலை செய்யவும் கற்றான். பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கப்படும் இந்த வேலைகளே பிற்காலத்தில் அவனுக்குச் சோறு போட்டன, படிக்கவும் வைத்தன. ஓய்ந்த நேரத்தில் காட்டுக்குள் ஓடிவிடுவான். அங்கே யாருக்கும் தெரியாமல் சிறு தோட்டம் ஒன்று போட்டிருந்தான். வாடிய செடிகளை அங்கே கொண்டுபோய் வைத்து, மண்ணை மாற்றி, நிழலை மாற்றிப் பிழைக்க வைப்பான். அக்கம்பக்கத்தார் தங்கள் ரோஜாவுக்கு நோய் வந்தால் அவனையே கூப்பிடலாயினர். செடி வைத்தியன் என்று பெயர் வந்தது.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைக்கு இடமில்லை. ஆகவே பல மைல் தொலைவில் இருந்த நியோஷோ நகருக்குத் தனியாகவே நடந்து போனான் சிறுவன். மரியா வாட்கின்ஸ் என்ற மருத்துவச்சி அவனைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். துணி வெளுப்பதும் அவர் தொழில். பள்ளி இடைவேளையில் ஜார்ஜ் வேலியைத் தாண்டி ஓடி வந்து அவருக்குத் துணி துவைத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் வகுப்புக்குப் போவான். மரியா அம்மையார் அவனுக்கு ஒரு விவிலியம் பரிசளித்தார். அதை அவர் சாகும்வரை வைத்திருந்தார். கார்வர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் அந்த விவிலியத்தை நாள்தோறும் வாசித்தவர், விடியுமுன் எழுந்து காட்டில் நடந்தபடியே செபித்தவர்.

பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைந்தார். 1879-இல் போர்ட் ஸ்காட் என்ற ஊரில், வெள்ளையர் கும்பல் ஒன்று ஒரு கறுப்பினத்தவரைக் கொன்று எரித்ததை நேரில் கண்டார். அன்றிரவே ஊரைவிட்டு ஓடினார். அந்தக் காட்சி முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. சமையல்காரராகவும் சலவைத் தொழிலாளியாகவும் இருந்து உயர்நிலைப் படிப்பை முடித்தார். ஹைலண்டு என்ற ஊர்க் கல்லூரிக்கு விண்ணப்பித்ததும் இடம் உண்டு என்று கடிதம் வந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். நிறத்தைப் பார்த்ததும் இடமில்லை என்றார்கள்.

மனம் உடைந்த இளைஞர் அடுத்து என்ன செய்தார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1886-இல் மேற்குக் கான்சாஸில் பீலர் என்ற இடத்தருகே அரசு கொடுத்த 160 ஏக்கர் தரிசில் குடியேறினார். மரமில்லாத புல்வெளி. புல்லை வேரோடும் மண்ணோடும் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார். ஏறத்தாழ 17 ஏக்கரில் சோளமும் காய்கறியும் பயிரிட்டார். கிணறு தோண்டிப் பார்த்தார், தண்ணீர் இல்லை. பக்கத்து நிலத்திலிருந்தே சுமந்து வரவேண்டியதாயிற்று. கோடையில் வறட்சி, குளிரில் பனிப்புயல். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நிலத்தின் மேல் கடன் வாங்கிவிட்டுப் புறப்பட்டுவிட்டார். வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் உழவனின் நிலை இன்னதென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை.

1890-இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்தது ஓவியமும் பியானோவும்! ஓவிய ஆசிரியை எட்டா பட், இவர் தீட்டும் படமெல்லாம் செடியும் பூவுமாக இருப்பதைக் கவனித்தார். கறுப்பின இளைஞர் ஓவியத்தால் பிழைக்க முடியுமா என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அவருடைய தந்தை ஏம்ஸ் நகர் அயோவா வேளாண்மைக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். ஆசிரியையின் தூண்டுதலால் 1891-இல் கார்வர் அங்கே சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். செடிகளைத் தாக்கும் பூஞ்சண நோய்களில் தேர்ந்தவரானார். ஓவியத்தையும் விட்டுவிடவில்லை. அவர் தீட்டிய கள்ளிச்செடிப் படம் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இடம்பெற்றது. ஒரு நல்லாசிரியை மாணவரின் கையிலுள்ள தூரிகையைப் பார்த்து அவர் மனத்திலுள்ள தாவரவியலைக் கண்டுபிடித்ததை நினைத்துப் பாருங்கள்.

அயோவாவிலேயே இருந்திருந்தால் வசதியான வாழ்வு கிடைத்திருக்கும். ஆனால் 1896-இல் அலபாமா மாநிலம் டஸ்கீகியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் என்ற பெரியவர் கறுப்பின மக்களுக்காக 1881-இல் அங்கே பள்ளி ஒன்றைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார். வேளாண்மைத் துறைக்கு ஆள் தேவை. சம்பளம் ஆண்டுக்கு 1,000 டாலர். கார்வர் போனார். அதன் பின் 47 ஆண்டுகள் டஸ்கீகியைவிட்டு வேறெங்கும் வேலைக்குப் போகவில்லை.

போய்ச் சேர்ந்தவர் கண்டது என்ன? ஆய்வுக்கூடம் என்று ஒன்றுமே இல்லை. மாணவர்களைக் குப்பைமேடுகளுக்கு அனுப்பி உடைந்த சீசா, பழைய சாடி, கம்பித்துண்டு என்று பொறுக்கி வரச் செய்தார். மைக்கூடு விளக்காயிற்று; சீசாவின் கழுத்தை அறுத்தால் குவளையாயிற்று. ஆய்வுக்கூடம் பிறந்தது.

வெளியே நிலமோ அதைவிடப் பரிதாபம். அந்தப் பகுதி முழுதும் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி ஒன்றே பயிர். வீட்டு வாசல்வரை பருத்தி. பருத்தி மண்ணின் சத்தை உறிஞ்சும். வரிசைக்கு வரிசை வெற்று நிலம் விடும். களை எடுத்து மண்ணைக் கிளறி வைத்த பின் பெருமழை பெய்தால் மேல்மண் அப்படியே வழிந்தோடிவிடும். மேட்டு நிலமெங்கும் ஆள் மறையும் அளவு ஓடைப் பள்ளங்கள். மிஞ்சிய மணலில் மக்கு இல்லை. மக்கு இல்லாத மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. பத்து நாள் வெயில் அடித்தால் பயிர் சுருண்டுவிடும். உழுதவரோ பெரும்பாலும் வாரக் குடிகள். விதையும் மாவும் பன்றிக்கொழுப்பும் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கி, அறுப்பில் பருத்தியாகத் திருப்பிக் கொடுப்பார்கள். கணக்குத் தீர்ந்த ஆண்டு அரிது. உரமூட்டை வாங்கு என்று அவர்களிடம் சொல்வது கேலி செய்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே கார்வர் காசில்லாத உரத்தைத் தேடினார். பள்ளிக்குக் கிடைத்த சோதனை நிலம் அந்த வட்டாரத்திலேயே மட்டமானது. சதுப்பு நிலத்துச் சேற்றையும், காட்டில் உதிர்ந்த இலைகளையும், தொழுவத்துக் குப்பையையும் மாணவர்களைக் கொண்டு சுமந்து வந்து கொட்டினார். மக்கவைத்து உழுதார். அடுத்துக் காராமணி விதைத்தார். மாணவர்கள் முகம் சுளித்தார்கள். மாட்டுக்குப் போடும் பயற்றுக்காகவா இவ்வளவு பாடு என்று. ஆனால் காராமணி, வேர்க்கடலை, பூனைக்காலி போன்ற பயறுவகைச் செடிகளின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடியை மடக்கி உழுதால் அது மண்ணுக்குச் சேரும். படர்ந்து வளர்வதால் களை தலைதூக்க இடமில்லை. நிலம் மூடிக் கிடப்பதால் ஈரம் சட்டென்று போகாது. மழை அடித்து மண்ணைக் கொண்டுபோகவும் முடியாது. இத்தனையும் ஒரு பிடி விதையில்! பிறகு சர்க்கரைவள்ளி, அதன்பின் பருத்தி. சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடுவதும், ஆழ உழுவதும் உடன் சேர்ந்தன. சில ஆண்டுகளில் அந்த மட்டமான நிலம் பக்கத்து நிலங்களைத் தோற்கடித்தது. இந்த அனுபவத்தை 1905-இல் சத்திழந்த மண்ணைச் சீராக்குவது பற்றிய சிறுநூலாக வெளியிட்டார். இப்படி டஸ்கீகியிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட சிறுநூல்கள் வந்தன. முதலாவது 1898-இல்; ஓக் மரத்துக் கொட்டைகளைப் பன்றிக்குத் தீனியாக்குவது பற்றியது. காட்டில் வீணே கிடப்பதைக் காசாக்கு என்பதே தொடக்கம் முதல் அவர் போதனை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிறுநூல் எதற்கு? மாதந்தோறும் உழவர் கூட்டம் நடந்தது. அதற்கும் வரமுடியாதவரைத் தேடிப் பள்ளியே புறப்பட்டது. 1906-இல் நியூயார்க் செல்வர் மாரிஸ் ஜெசப் கொடுத்த நன்கொடையில் ஒரு குதிரைவண்டி செய்யப்பட்டது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி, பாடப்படங்கள் எல்லாம் அதில் ஏற்றப்பட்டன. கார்வரின் மாணவரான தாமஸ் கேம்ப்பெல் அதை ஓட்டிச் சென்றார். வேளாண் துறைக்காகக் களத்தில் இறங்கிய முதல் கறுப்பின ஊழியர் அவர். ஒரு வயலோரத்தில் வண்டியை நிறுத்துவார், உழுது காட்டுவார், கோடையில் மாதத்துக்கு 2,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். பெண்களுக்கும் அதில் பாடம் உண்டு. பழங்களைப் பதப்படுத்துவது, கோழி வளர்ப்பது, வீட்டுத் தோட்டம் போடுவது, குன்றுகளில் கிடைக்கும் வண்ணக் களிமண்ணைக் குழைத்துச் சுவருக்குப் பூசுவது! சூசன் அம்மாளிடமும் மரியா அம்மையாரிடமும் கற்ற பாடங்கள் இப்படி ஆயிரம் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதற்கிடையே பெரிய ஆபத்து ஒன்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது ஒரு வண்டு. கால் அங்குல நீளம். மூக்கு மட்டும் கோணி ஊசிபோல் நீண்டிருக்கும். பருத்திக் காய்க் கூன்வண்டு என்று சொல்லலாம். 1892-ஐ ஒட்டி மெக்சிகோ எல்லையைத் தாண்டி டெக்சாஸில் நுழைந்தது. ஆண்டுக்கு ஆண்டு கிழக்கே நகர்ந்து 1910-இல் அலபாமாவை எட்டியது. தாய் வண்டு பருத்தி மொட்டைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளேயே இருந்து தின்னும். மொட்டு உதிரும், காய் பிடிக்காது. உள்ளே ஒளிந்திருக்கும் புழுவை மேலே தெளிக்கும் நஞ்சு எட்டாது. குளிர்காலத்தில் பழைய பருத்தி மாரிலும் சருகிலும் முடங்கிக் கிடந்து, வசந்தத்தில் மீண்டும் கிளம்பும்.

அக்காலத்து வேளாண் அறிஞர்கள் சொன்ன வழிகள் எளியவை. சீக்கிரம் விளையும் பருத்தியை முன்கூட்டியே விதைக்கவேண்டும். உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிக்கவேண்டும். அறுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கிவிடவேண்டும். கார்வர் இவற்றுக்கு மேலே ஒன்றை வற்புறுத்தினார். இந்த வண்டுக்குப் பருத்தியே வீடும் உணவும். பருத்தியையே நம்பி வாழ்ந்தால் வண்டும் நம்மோடே வாழும். ஆகவே நிலத்தைப் பங்கிட்டுப் பயிரை மாற்றுங்கள் என்றார். கடலையும் காராமணியும் சர்க்கரைவள்ளியும் வண்டுக்கு வேண்டாதவை, மனிதருக்கு வேண்டியவை.

அலபாமாவில் எண்டர்பிரைஸ் என்ற ஊர் 1915-இல் வண்டால் பருத்தியை இழந்து, கடலைக்கு மாறி, 1917-இல் தன் மாவட்டம் நாட்டிலேயே மிகுதியாகக் கடலை விளைவித்தது என்னும் புகழைப் பெற்றது. நன்றியாக 1919 டிசம்பரில் அந்த வண்டுக்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்! ஒரு பெண்ணின் சிலை. அவள் தலைக்குமேல் ஏந்தும் வண்டின் உருவம் 1949-இல் சேர்க்கப்பட்டது. அந்த ஊரைக் கடலைக்குத் திருப்பியவர்கள் உள்ளூர் வணிகரும் விவசாயிகளுமே. எல்லாவற்றையும் கார்வர் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஆனால் கடலையைப் பற்றி அவர் பல ஆண்டுகளாகப் பேசி வந்தார் என்பதும் உண்மை.

விளைந்த கடலையை என்ன செய்வது? 1916-இல் கடலை சாகுபடியோடு அதைச் சமைக்கும் 105 வழிகளையும் சேர்த்துச் சிறுநூல் வெளியிட்டார். ரொட்டி, கஞ்சி, பால், பணியாரம் என்று பட்டியல் நீளும். இறைச்சி வாங்க வழியில்லாத வீட்டில் குழந்தைகளுக்குப் புரதம் சேரவேண்டும் என்பதே அவர் எண்ணம். 1921 ஜனவரியில் கடலை விளைவிப்போர் சார்பில் வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல அனுப்பப்பட்டார். பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். முதலில் கிண்டல் பேச்சும் எழுந்தது. அவர் பெட்டியைத் திறந்து கடலையிலிருந்து செய்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்க விளக்க, நேரம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். முடிவில் கைதட்டி வழியனுப்பினார்கள். 1922-இல் வந்த சட்டத்தில் இறக்குமதிக் கடலைக்கு வரி இடம்பெற்றது. அன்றிலிருந்து அவர் நாடறிந்த மனிதர்.

புகழ் வந்தபின் அவரை மந்திரவாதியாகவே சித்திரித்துவிட்டார்கள். அவரிடம் குறைகளும் இருந்தன. நிர்வாகம் வராது. பள்ளிக் கோழிப்பண்ணையின் கணக்குத் தொடர்பாக அவருக்கும் புக்கர் வாஷிங்டனுக்கும் ஓயாத பிணக்கு. பதவி விலகுவேன் என்று பலமுறை மிரட்டியிருக்கிறார். அவர் போதனைக்கும் எல்லை இருந்தது. பயிரை மாற்று என்று வாரக்குடியிடம் சொல்லலாம், நிலம் அவனுடையதா? பருத்திதான் போடவேண்டும் என்று நிலக்காரர் சொன்னால் அவன் என்ன செய்வான்? தன் வீட்டுக் கொல்லையில் கீரை போடவும், ஒரு பன்றி வளர்க்கவும், மக்கு எரு சேர்க்கவும் மட்டுமே அவனால் முடிந்தது. அநீதியை எதிர்த்து மேடையேறிப் பேசியவர் அல்லர் கார்வர். அது போதாது என்று அக்காலத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கொல்லைக் கீரை பல குழந்தைகளைச் சத்துக்குறை நோயிலிருந்து காத்தது என்பதையும் மறுக்க முடியாது.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. காந்தியடிகளின் நண்பரான தீனபந்து ஆண்ட்ரூஸ் டஸ்கீகிக்குச் சென்று அவரைச் சந்தித்தார். அதன்பின் தாவர உணவு பற்றிய குறிப்புகளையும் தம் சிறுநூல்களையும் கார்வர் காந்தியடிகளுக்கு அனுப்பி வைத்தார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி விடுதியில் ஓர் அறை, பழைய கோட்டு, அதன் மார்பில் தினமும் ஒரு புதுப்பூ. மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் ஞாயிறுதோறும் விவிலிய வகுப்பு நடத்தத் தொடங்கி, முப்பதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார். சம்பளக் காசோலைகளைப் பணமாக்க மறந்து இழுப்பறையில் போட்டு வைப்பார். அப்படிச் சேர்ந்த சேமிப்பை 1940-இல் தொடங்கி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்காக டஸ்கீகிக்கே எழுதி வைத்தார்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், முதுமையின் தளர்ச்சியிலும் ஒரு சிறுநூல் எழுதினார். அது களைகளைப் பற்றியது. உழவன் திட்டிக்கொண்டே பிடுங்கி எறியும் டாண்டிலியன், சக்கரவர்த்திக் கீரையின் இனம், இன்னும் பல காட்டுச் செடிகளில் எவையெவை உண்ணத்தக்கவை, எப்படி வேகவைப்பது, எதோடு சேர்ப்பது என்று படம் வரைந்து விளக்கினார். சிறுவயதில் காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த தோட்டத்தை அவர் மறக்கவே இல்லை போலும்.

அடுத்த சில மாதங்களில் மாடிப்படியில் தவறி விழுந்தார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் காலமானார். டஸ்கீகியில் புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், மிசௌரியில் அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. ஒரு கறுப்பினத்தவருக்காக அந்நாடு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அது. 700 டாலருக்கு வாங்கப்பட்ட மேரியின் குடிசை நின்ற இடமும், ஓடையும், செடி வைத்தியன் ஓடியாடிய காடும் அதற்குள் இருக்கின்றன.